குரங்கு நம்ம பங்காளியா? பரிணாமப் பாடம் நடத்தியவர்களும் படித்தவர்களும் பார்த்தது, பட்டது

வெண்ணாற்றங்கரை (தொடக்கப் பதிவு)

முப்பத்தோரு வருஷம் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்ததெல்லாம் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவேதான். பள்ளிகளின் பெயர் வேண்டாம்.

பரிணாமப் பாடத்துக்கும் சாமி நம்பிக்கைக்கும் சண்டை என்று டிவியில் பேசுகிறார்கள். அமெரிக்காவில் நிஜமாகவே நடந்திருக்கிறது. டென்னசி மாநிலத்தில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1925ல் ஜான் ஸ்கோப்ஸ் என்ற வாத்தியாரைக் கூண்டில் ஏற்றி 100 டாலர் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டம் 1967 வரை அங்கே இருந்தது. நம்ம பக்கம் என் வகுப்பு வாசலில் வந்து மறித்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. எனக்குத் தலைவலி கொடுத்தவர்கள் மறுத்தவர்கள் இல்லை, தலையாட்டியவர்கள்.

பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். பின்பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். எழுந்து போகும்போது பிள்ளைகளைப் பார்த்து, "இதையெல்லாம் மாணிக்கவாசகர் அன்னைக்கே பாடிட்டாரு. புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி... வெள்ளைக்காரன் பின்னாடி வந்து எழுதிக்கிட்டான்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு பாடம் முடிந்துபோனது. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே டீச்சர் சொல்கிறார் என்று ஆகிவிட்டால் அப்புறம் எவன் கேட்பான்?

இன்னொரு பள்ளியில் சமூக அறிவியல் சார் தசாவதாரத்தைப் பிடித்துக்கொண்டார். மீன், ஆமை, பன்றி, பாதி சிங்கம், குள்ளன் என்று விரல் விட்டு எண்ணுவார். அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பையனிடம், "ஆமை போட்ட முட்டையிலிருந்தா பன்றி வந்தது?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், பெருமாள்தான் மாறி மாறி வர்றார்" என்றான். சரியான பதில்! அவதாரத்தில் வருகிறவர் ஒருத்தர், வடிவம்தான் வேறே. டார்வின் 1859ல் எழுதியதில் அப்படி ஒருத்தர் கிடையாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது, எந்த வித்தியாசம் உள்ளவன் பிழைத்துப் பிள்ளை பெறுகிறானோ அவன் சாயல் பெருகுகிறது, அவ்வளவுதான் கணக்கு. பையனுக்கு இரண்டும் வேறே என்று தெரிந்திருந்தது. சாருக்குத்தான் தெரியவில்லை.

"குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. 2018ல் மத்திய இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனுஷனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தப்பு என்று பேசியபோதுகூட எனக்கு என் பின்பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. நான் சொல்வது ஒரே பதில். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. பாட்டன் பொது, பாகம் பிரிந்து இரண்டரை மூன்று கோடி வருஷம் ஆகிறது. உன் பெரியப்பா மகன் இருக்கிறான் என்பதற்காக நீ இல்லாமல் போவாயா? ஒருமுறை ஒரு பையன், "பங்காளின்னா வரப்புத் தகராறு இருக்கணுமே டீச்சர்" என்றான். "தோட்டத்தில் மாம்பழத்தைப் பறிக்க வருதுல்ல, அதான்" என்றேன்.

என் வாழ்நாளில் அந்தப் பாடம் நிஜமாகப் புரிந்த வகுப்பு ஒன்றே ஒன்று. அதுவும் என் சாமர்த்தியம் இல்லை. இயற்கைத் தேர்வு என்று போர்டில் எழுதிவிட்டு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் (தஞ்சாவூர் ஜில்லாவில் ஒட்டகச்சிவிங்கி!). ஒரு பெண் எழுந்தாள். அம்மா களை பறிக்கப் போகிறவர், லீவு நாளில் இவளும் போவாள். "டீச்சர், குதிரைவாலிப் புல்லு நெல்லு மாதிரியே இருக்குமே, அதுவும் இதுவா?" என்றாள்.

எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். இலை தாளோடு சேருகிற இடத்தை விரித்துப் பார்க்கணுமாம். நெல்லுக்கு அங்கே வெள்ளையாக ஒரு சின்ன நாக்கு இருக்கும், புல்லுக்கு இருக்காது. அவசரத்தில் யார் விரித்துப் பார்ப்பார்கள்? பார்த்தவுடன் புல் என்று தெரிகிறதைப் பிடுங்குவார்கள், நெல் மாதிரி நிற்கிறது தப்பிக்கும். தப்பித்தது விதை கொட்டும். அடுத்த போகத்தில் முளைக்கிறது இன்னும் கொஞ்சம் நெல் மாதிரி இருக்கும். நான் சொல்லவில்லை, போர்டுக்கு வந்து அவளே சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் நின்று, "அப்போ எங்கம்மாதான் அதை நெல்லு மாதிரி ஆக்குனாங்களா?" என்றாள். உங்கம்மா, அவங்கம்மா, அவங்களுக்கும் அம்மா என்றேன். வகுப்பில் சத்தமே இல்லை.

இப்படிப் பயிர்போல வேஷம் போடும் களைகளைப் பற்றி எழுதியவர் ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ். மரபியலை ஏற்காத கூட்டம் ஸ்டாலினிடம் செல்வாக்காக இருந்த காலம் அது. வவிலோவ் 1943ல் சிறையிலேயே செத்துப்போனார். பாடத்துக்குச் சாமியால் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வாதம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

குடமுருட்டி

டீச்சரம்மா, நான் ஓதுவார் வீட்டுப் பிள்ளை. தலைமையாசிரியர் சொன்னதைப் படித்ததும் எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கும்போது நானும் அவரிடம் போய் அதையேதான் பெருமையாகச் சொன்னேன்: "அப்பா, சிவபுராணத்துல எவல்யூஷன் இருக்கு." அவர் சந்தியாகாலப் பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்காரவைத்துவிட்டார்.

"மேலே பாடு" என்றார். கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய் என்று பாடினேன். "பாம்புக்கு அப்புறம் கல்லு வருதே, உங்க டார்வின் ஒத்துப்பாரா? மனுஷனுக்கு அடுத்தது பேய்னு இருக்கே, அதுக்கு என்ன சொல்வார்?" என்னிடம் பதில் இல்லை. "கடைசி வரியைச் சொல்லு." *எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் எம்பெருமான்.* "இளைத்தேன்னு சொல்றாருடா. புல்லிலேருந்து ஏறி ஏறி மனுஷனா வந்தேன்னு பெருமை பேசலை. ஓர் உயிர் எத்தனை உடம்புலதான் புகுந்து புறப்படும், அலுத்துப்போச்சு, போதும்னு அழுறார். அந்த அழுகையைக் கொண்டுபோய் சயின்ஸ் பரீட்சையில எழுதுவியா?"

அவருக்கு டார்வின் மேல் கோபம் எதுவும் இல்லை. திருவாசகத்தைச் சாட்சிக்கு இழுத்ததில்தான் கோபம். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதுகூட அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "வாத்தியார் ஒரு துதிபாடி" என்று. எந்த வாத்தியாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நாகூர்ப் பக்கம்

நான் பரீட்சையில் ஒவ்வொரு வரியையும் "டார்வின் கூற்றுப்படி" என்று ஆரம்பித்து எழுதுவேன். என் கூட்டாளிகளும் அப்படித்தான். ஆதம் நபி பற்றி ஓதிவிட்டு வந்த பிள்ளைகள், அதை நாங்க விடலை, இன்னும் விடலை. எங்க விலங்கியல் மிஸ் ஒருநாளும் நம்புறியா இல்லையான்னு கேட்டதில்லை. "வௌவால் இறக்கையை வரை, பக்கத்துல உன் கையை வரை, எலும்பை எண்ணு" என்பார். எண்ணினேன். மேல்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள். ஒரே வரிசை. ரெக்கார்டு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வாப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் எப்படிச் செய்திருக்கான் பாரு" என்றார். மிஸ் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் விரல் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தாளடி

என் மகள் சிபிஎஸ்இ, போன வருஷம் பத்தாவது. நான் படித்த ஞாபகத்தில் பரிணாமப் பாடம் நடத்திட்டாங்களா என்று கேட்டேன். அப்படி ஒரு பாடமே இல்லைப்பா என்றாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முன்னே மரபுவழியும் பரிணாமமும் என்று இருந்த பாடம் இப்போது வெறும் மரபுவழி. கொரோனா நேரத்தில் சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்தது, 2023 புத்தகத்தில் திரும்பி வரவே இல்லை. 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். பன்னிரண்டாவதில் இருக்கிறதே என்பார்கள். உயிரியல் எடுக்கிற பிள்ளைக்கு இருக்கிறது. என் மகள் காமர்ஸ்.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது சார்" என்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரர், "விடுங்க சார், ஒரு பாடம் குறைஞ்சா பிள்ளைக்கு நல்லதுதானே" என்றார். இதில் எந்த மதம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரு முனையில் மாநகராட்சிப் பள்ளியில் சமச்சீர் படிக்கிற பிள்ளைக்கு அதே பத்தாவதில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனிப் பாடமே இருக்கிறது. நான் வருஷத்துக்குக் கட்டுகிற பீஸை நினைத்தால் வயிறு எரிகிறது.

பழைய ஏ.ஓ.

வேளாண்மைத் துறையில் இருந்தவன். களைப்புல் கதை அருமை. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.26 வந்தது, புகையான் தாங்கும் ரகம். இரண்டு மூன்று வருஷத்தில் அதையும் உறிஞ்சிக் குடிக்கிற புகையான் சில நாடுகளில் கிளம்பிவிட்டது. உடனே ஐ.ஆர்.36 கொடுத்தார்கள். மருந்து கதையும் அதேதான். நூறில் ஒன்று சாகாமல் நின்றால் அடுத்த முறை வயலில் இருப்பது அதன் பிள்ளைகள்.

விவசாயி கேட்பார், "போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் ஏன் சார் கேட்கலை, கலப்படமா?" நான் பரிணாமம் என்ற வார்த்தையை எடுத்ததே இல்லை. "செத்ததெல்லாம் போச்சு, சாகாததோட வம்சம்தான் இப்ப நிக்குது" என்பேன். அய்யனார் கோயில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே தலையாட்டுவார்கள். ஒருத்தரும் மனம் புண்பட்டதாகச் சொன்னதில்லை. (கலப்பட மருந்தும் இருந்தது, அது வேறே கதை.)

கீழவீதி

எங்க கொள்ளுப்பாட்டி காலத்துச் சாளக்கிராமம் ஒன்று, பெருமாளாக வைத்துக் கும்பிடுகிற கல், வீட்டில் உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது அரியலூருக்கு டூர் கூட்டிப்போனார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கம் சுருள் சுருளாக ஒரு கல் துண்டு கிடைத்தது. அம்மோனைட் என்று சார் சொன்னார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தபோது வாழ்ந்தது. அந்த இனமே டைனோசரோடு சேர்ந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் பூண்டோடு போய்விட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாட்டி கையில் வாங்கினாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சாளக்கிராமத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். சக்கரம் அதேதான்! நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கிற சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பாட்டி கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இதுக்குள்ள ஜீவன் இருந்ததாடா?"

இருந்தது என்றேன்.

"என்ன ஜீவன்?"

அங்கேதான் வாயை விட்டேன். "கணவாய் மாதிரி, பாட்டி. அதோட சொந்தம்."

"கணவாயா!"

கோடி வருஷமோ, கடலோ, இனம் அழிந்ததோ அவளை அசைக்கவில்லை. நாலு தலைமுறையாகப் பால் அபிஷேகம் பண்ணினது கணவாய்க்குச் சொந்தக்காரனுக்கு என்பதுதான் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டி திறக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் திருமஞ்சனம் ஆனது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மீனா வந்தவர்தானே. அவருக்கே இல்லாத மடி ஆசாரம் எனக்கு என்னடா" என்றாள். என் அரியலூர்க் கல் துளசி மாடத்து ஓரத்தில் கொஞ்சநாள் இருந்தது. அதற்கும் ஒரு கரண்டி தண்ணீர் விழும்.

வெண்ணாற்றங்கரை

கீழவீதி, சிரித்து முடியவில்லை. குடமுருட்டி, உங்க அப்பா முன்னால் என் தலைமையாசிரியரை ஒருநாள் உட்காரவைத்திருக்கணும். நானும் அன்றைக்கு எழுந்து பதில் சொல்லாமல் சும்மா நின்றேன், அதை மேலே எழுதவில்லை. சம்பள உயர்வுக் கோப்பு அவர் மேஜையில் இருந்தது.

வேளைநகர்

நாங்கள் கத்தோலிக்கர். எங்க பங்குச் சாமியார் ரொம்பச் சுலபமாக முடித்துவிட்டார். 1950லேயே போப் பனிரெண்டாம் பயஸ் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார், 1996ல் இரண்டாம் ஜான் பால் அது வெறும் அனுமானத்துக்கும் மேல் என்றே சொன்னார், போய்ப் படி என்றார். வேறு சபைக்குப் போகிற என் சித்தி வீட்டில் கடவுள் ஆறே நாளில் உலகத்தைப் படைத்தார் என்ற கணக்குதான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்தப் பேச்சு எடுத்தால் பிரியாணி ஆறிவிடும் என்பதால் எடுப்பதில்லை.

தாளடி

கீழவீதி, மகளை அரியலூருக்குக் கூட்டிப்போகலாமா? எங்கே போகணும்? பாடத்தில்தான் இல்லை, கண்ணாலாவது பார்க்கட்டும்.

கீழவீதி

தாராளமாக. முதலில் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அதைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் செம்மண் மேடு பள்ளமாக வெட்டவெளி இருக்கும், மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் சிப்பியும் சுருளும் மேலேயே தெரியும். எடுத்து வராதீர்கள், நான் செய்தது தப்பு. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் குடையும் கட்டாயம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.