சாமி கொடைத் திருவிழா: குடும்பக் குழு

செல்வி மதினி: லேப்டாப்ல கொடை வரி லிஸ்ட் அடிக்கேன். கர்சர் தானா தாவுது. பெரிய மாமா பேருக்கு நேரே சின்ன மாமா ரூவா விழுந்துருக்கு. கட்டத்தைத் திருத்த எஃப்2 அமுக்குனா ஸ்கிரீன் இருட்டுது

பாளை சித்தப்பா: போன கொடையில எங்க வரி விட்டுப்போனதும் இப்படித்தானோ

அத்தை: அதை இப்ப எதுக்குக் கிளறுத

கணேசன் அத்தான்: செல்வி, நான் போட்டுக் குடுத்த லினக்ஸ் தானே, மின்ட் எக்ஸ்எஃப்சிஈ?

செல்வி மதினி: ஆமா. எச்பி லேப்டாப்

கணேசன் அத்தான்: உள்ளங்கை டச்பேட்ல படுதும்மா. பட்டதை அது கிளிக்குன்னு எடுத்துக்கிடுது, கர்சர் அங்க போயிருது. முதல்ல யூஎஸ்பி மவுஸைச் சொருகு. செட்டிங்ஸ்ல ‘மவுஸ் அண்ட் டச்பேட்’ திற. டிவைசஸ் பக்கத்துல மேல ஒரு பட்டியல் இருக்கும். பேர் ‘டச்பேட்’னு முடியுறதைத்தான் தேர்ந்தெடுக்கணும். சில லேப்டாப்ல அதே பேர்ல ‘மவுஸ்’னு முடியுறதும் ஒண்ணு இருக்கும், அதைத் தொடாத. தேர்ந்தெடுத்துட்டு ‘எனேபிள் திஸ் டிவைஸ்’ டிக்கை எடுத்துரு. தப்பா வெளி மவுஸை அணைச்சுட்டா பதறாத. டேப் கீயால அந்த டிக்குக்குப் போய் ஸ்பேஸ் தட்டு, திரும்ப வந்துரும்

பெரியம்மா: வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?

சுடலை: டைப் பண்ணும்போது மட்டும் டச்பேட் நிக்கிற டிக் ஒண்ணு இருக்கே அத்தான். அது போதாதா?

கணேசன் அத்தான்: போதாதுடே. கடைசி எழுத்து அடிச்சு அரை செகண்டுல டச்பேட் முழிச்சுக்கிடும். மதினி ஒரு பேர் அடிச்சுட்டு நோட்டைப் பார்ப்பா, அந்த நேரம் கை பட்டா தாவத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு டச்பேட் வேணும்னா ‘டேப் டச்பேட் டு கிளிக்’ டிக்கை மட்டும் எடு. அம்புக்குறி நகரும், ஆனா தட்டுனா கிளிக் ஆகாது

செல்வி மதினி: சின்னவன் மவுஸ் தொடமாட்டான்

பாளை சித்தப்பா: எங்க வீட்டுக்கு 2 தலக்கட்டு. 1 இல்ல

அத்தை: எழுதிருக்கு எழுதிருக்கு

செல்வி மதினி: எஃப்2?

கணேசன் அத்தான்: அதுக்கு லினக்ஸ்ல தேடாத. எஃப்என் கீயை கீபோர்டு உள்ளேயே பார்த்துக்கிடுது. லினக்ஸுக்கு வந்து சேருறது ‘வெளிச்சம் குறை’ங்கிறது மட்டுந்தான், எஃப்2 வரவே செய்யாது. இப்போதைக்கு எஃப்என்னோட எஃப்2 சேர்த்து அமுக்கு. நிரந்தரமா மாத்தணும்னா, லேப்டாப்பை அணைச்சுப் போடும்போது எஃப்10 தட்டிக்கிட்டே இரு. பயாஸ்னு லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ் திறக்கும். அங்க ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’, அதுல ‘ஆக்‌ஷன் கீஸ் மோட்’. டிசேபிள்ட் ஆக்கி எஃப்10 போட்டு சேவ் பண்ணு. பிறகு எஃப்2 எஃப்2-ஆவே வரும். வெளிச்சத்துக்குத்தான் எஃப்என் சேர்க்கணும்

சுடலை: டச்பேட்டை ஒரே கீயில அணைச்சுப் போட முடியுமா அத்தான்?

கணேசன் அத்தான்: முடியும். கீபோர்டு செட்டிங்ஸ்ல ‘அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ்’, ஆட், அதுல டச்பேட்டை அணைச்சுப் போடுத எக்ஸ்இன்புட் கட்டளை. கட்டளையைப் போட்டோவா அனுப்புதேன். டிவைஸ் நம்பர் போடாத, ரீபூட்ல மாறும். பேரையே போடு. அந்தக் கீயா எஃப்2வை மட்டும் குடுத்துராத, டெஸ்க்டாப் பிடுங்கிக்கிட்டா மதினி லிஸ்ட் அடிக்குத கால்க்ல கட்டம் திறக்காது. எஃப்12 குடு, அது வரிசையைக் குரூப் பண்ணத்தான், லிஸ்ட்டுக்கு வேண்டாம்

பெரியம்மா: யாரும் பதில் சொல்லலியே. வில்லு உண்டா இல்லையா?

முருகன் மாமா: வரி சேரட்டும் மதினி, பாப்போம்

செல்வி மதினி: டிக்கை எடுத்துட்டேன். தாவல. பயாஸ் நாளைக்கு, இவுக வந்த பிறகு

பாளை சித்தப்பா: லிஸ்ட்டை அடிச்சதும் இங்க போடு. நான் ஒருக்கா பாக்கணும்