மறு: நீரில்லாக் கழுவலா, அலசாக்கழுவலா?

வணக்கம்.

வாளியில் கலந்த கரைசலில் துணியை நனைத்து வண்டியைத் துடைத்து, அலசாமலே முடிக்கும் கழுவல் முறைக்கு (ஆங்கிலத்தில் rinseless wash) ‘நீரில்லாக் கழுவல்’, ‘உலர்கழுவல்’ என்று இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நீர் இல்லாமல் என்ன? ஒரு வாளி நிறைய இருக்கிறது. கடைசியில் குழாயைத் திறந்து நுரை போக அலசுகிறோமே, அந்த வேலை ஒன்றுதான் இதில் இல்லை.

செய்முறையைப் பார்த்தால் பெயர் தானாக வந்து நிற்கும். பெயர்பெற்ற கரைசல் ஒன்றுக்கு அளவு 256 பங்கு நீருக்கு ஒரு பங்கு. ஏழரை லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 30 மில்லி. நுரை அவ்வளவாக வராது. அதிலுள்ள பலபடிச் சேர்மங்கள் (பாலிமர்கள்) மண்துகளைச் சூழ்ந்துகொள்கின்றன. துணி வழுக்கிக்கொண்டு போகிறது. நனைத்த மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். கூரையில் தொடங்கி, ஒரே திசையில், அழுத்தாமல் ஓர் இழுப்பு. துணியைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் கரிய கோடு ஒன்று படிந்திருக்கும். அந்த முகத்தை மறுபடி வண்டிமேல் வைக்கக் கூடாது. அடுத்த முகத்துக்குப் போய்விட வேண்டும். பின்னாலேயே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் அந்தப் பகுதி முடிந்தது. எஞ்சும் சொற்பக் கரைசல் பூச்சைக் கெடுக்காது என்பதால்தான் அலசத் தேவையில்லை. சாதாரண ஷாம்பூவை இப்படி விட்டுப் பாருங்கள், திட்டுத்திட்டாகக் காய்ந்து நிற்கும்.

வாளியே இல்லாமல் தெளிப்பானால் தெளித்துத் துடைக்கும் முறை வேறு. ‘நீரில்லாக் கழுவல்’ அதற்கு இருக்கட்டும். (அந்தத் தெளிப்பானிலும் பெரும்பங்கு நீர்தான். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.)

ஆகவே என் சொல் ‘அலசாக்கழுவல்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘அலசாத’ என்பதன் ஈற்றுத் ‘த’ கெட்டு ‘அலசா’ என நிற்பது) கலைச்சொல்லுக்கு வாகானது: எழுதாக்கிளவி, செல்லாக்காசு, கம்பியில்லாத் தந்தி. இல்லாதது எதுவோ அதைச் சொல்லியே பெயர் வைப்பது நமக்குப் பழகிய வழி.

அம்மையார் ஒருவர் ‘துலக்கல்’ என்றார். அழகான சொல், ஆனால் துலக்குவது என்றால் அழுத்தித் தேய்ப்பது. இந்த முறையில் செய்யவே கூடாதது அதுதான். சக்கரத்துக்கு மேலே காய்ந்திருந்த சேற்றை ஒருமுறை நானே துலக்கினேன். வெயிலில் பார்த்தபோது அத்தனையும் கீறல். இப்போதெல்லாம் சேறு அப்பியிருந்தால் முதலில் நீரைப் பீச்சி அதைக் கரைத்துவிட்டுத்தான் வாளிக்கு வருகிறேன்.

*

ஐயா, வணக்கம்.

இன்றைக்கு ‘அலசல்’ என்றால் பத்திரிகைக் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. ஆராயாமல் கழுவுவது என்று யாராவது பொருள்கொண்டால்? தவிர, கழுவுதல் என்றாலே நீர் ஓட வேண்டாமா? ‘அலசாத் துடைப்பு’ பொருந்துமே.

*

அன்புள்ள நண்பருக்கு,

பத்திரிகைக்காரர்கள் அந்தச் சொல்லைத் துணி அலசும் இடத்திலிருந்துதான் எடுத்துப்போனார்கள். பக்கத்தில் ‘கழுவல்’ நிற்கும்போது யாருக்கும் தலையங்கம் நினைவுக்கு வராது.

துடைப்பைப் பற்றி நானும் இரண்டு நாள் யோசித்தேன். கையின் வேலை துடைப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் துடைத்த பிறகு யார் அலசுகிறார்கள்? ‘அலசாத் துடைப்பு’ என்றால் முதற்பாதி வீணாகிவிடுகிறது. கழுவினால் அலச வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதால்தான் ‘அலசா’ என்ற அடைக்கு அங்கே வேலை இருக்கிறது. நீர் ஓட வேண்டும் என்ற உங்கள் தடையை மட்டும் முழுதாக வெல்ல முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று மீதமிருக்கிறது. கரைசலுக்கு என்ன பெயர்? ‘அலசாக்கழுவல் நீர்மம்’ நீளம் என்று நினைத்து, புட்டியில் ‘அலசா நீர்மம்’ என்று எழுதி ஒட்டினேன். பார்த்த முதல் ஆள் கேட்டது: “புட்டியை ஏன் அலசக் கூடாது?” வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.