எல்சிஏ (கட்டடத்தோட ஆயுள் முழுக்க வர்ற கார்பன் போன்ற பாதிப்புகளோட கணக்கு) அறிக்கை கையில் இருந்தும் கட்டடம் மாறாத அனுபவங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

நிழல்கூரை (கோவை)
இன்னும் உறுத்துது, அதான் எழுதுறேன். ஐடி ஆஃபீஸ் கட்டடம், ரெண்டு பேஸ்மென்ட். கான்செப்ட் கட்டத்துலேயே எல்சிஏ போடணும்னு நான்தான் அடம்பிடிச்சேன். பசுமைக் கட்டட ரேட்டிங் பாயின்ட்டுக்காகக் கடைசியில போட்டா, கம்பியும் கான்கிரீட்டும் முடிவாகி, மாத்துறதுக்கு டைல்ஸும் பெயின்ட்டும்தான் மிஞ்சும். மீட்டிங்ல ரிசல்ட்டைப் பட்டை வரைபடமா விரிச்சேன். கார்பன்ல பெரும்பங்கு ஸ்ட்ரக்சர். அதுலயும் கீழ் பேஸ்மென்ட்டோட ராஃப்ட்டும் (அடியில முழுசா விரியுற கான்கிரீட் அஸ்திவாரம்) மண்ணைத் தாங்குற ரீடெய்னிங் வாலும் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குது. ஓனர் அந்தப் பட்டையையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஃபால்ஸ் சீலிங்கை மாத்தினா எவ்வளவு சார் குறையும்?"னு கேட்டார். மொத்தத்துல கண்ணுக்கே தெரியாதுன்னு சொன்னேன். "பரவாயில்லை, அதையே மாத்திடுவோம்." பேஸ்மென்ட் ரெண்டும் அப்படியே தோண்டியாச்சு. விதிப்படி கார் நிறுத்த இடம் வேணும்தான், மறுக்கலை. கார்களை அடுக்கி நிறுத்துற மெக்கானிக்கல் பார்க்கிங் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!

கம்பிக்கணக்கு (சென்னை, ஸ்ட்ரக்சுரல்)
உங்களுக்கு ஓனர், எனக்கு சைட். ஓபிசிக்கு (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) பதிலா பிஎஸ்சி (இரும்பாலைக் கசடான ஸ்லாக் கலந்த சிமென்ட்)னு கணக்கு காட்டி எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கியாச்சு. இந்தியத் தர விதி ஐஎஸ் 455 படி 70 சதவீதம் வரை ஸ்லாக் போகலாம். சூளையில சுட்டு எடுக்கிற கிளிங்கர் குறையக் குறைய கார்பனும் இறங்கும். ஸ்லாப் வார்க்கப் போற அன்னிக்கு மேஸ்திரி வந்தார். "மேடம், இது மெதுவாத்தான் பலம் ஏறும். முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க முடியாது. சென்ட்ரிங் வாடகையை யாரு குடுப்பா?" கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456, ஓபிசிக்கே ஸ்லாப்போட ஸ்பேன் (தாங்கலுக்குத் தாங்கல் தூரம்) 4.5 மீட்டருக்கு மேல இருந்தா முட்டு 14 நாள் நிக்கணும்னு சொல்லுது. அதுக்கும் மேலன்னா அடுத்த மாடி தள்ளிப்போகும். எல்சிஏ ஷீட்ல வாடகைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்த ஸ்லாப்ல கான்ட்ராக்டர் ஓபிசிக்கே திரும்பிட்டார். மேஸ்திரி கேட்டது முழுக்க நியாயம்.

தேம்ஸ்கரை (லண்டன்)
நிழல்கூரை அண்ணா, உங்கட கம்பிக்கு எந்த ஈபிடி (பொருளின்ர கார்பன் கணக்கைச் சொல்லுற தயாரிப்பாளர் பத்திரம்) போட்டனீங்கள்? இங்க வாற கம்பி பெரும்பாலும் பழைய இரும்பை மின்னுலையில உருக்கினது. இந்தியாவில நிலக்கரியை நம்பின பிளாஸ்ட் ஃபர்னஸும் ஸ்பாஞ்ச் அயர்னும் நிறைய. மென்பொருள் தானா எடுக்கிற ஐரோப்பிய எண்ணை அப்பிடியே விட்டால் கம்பியின்ர கார்பன் பாதிக்கும் கீழ காட்டும். உங்கட பட்டை இன்னும் உயரமா இருந்திருக்க வேணும்.

என்ர கதை: லண்டன் பிளானில எஸ்ஐ 2 எண்ட கொள்கை 2021 இல வந்தது. மேயரிட்டப் போற பெரிய கட்டடங்களுக்கு முழு ஆயுள் கார்பன் கணக்குக் கட்டாயம். எழுபதுகளில கட்டின ஒரு ஆபீஸ். இடிச்சுக் கட்டுறதோ, எலும்புக்கூட்டை வைச்சுத் திருத்துறதோ? 60 வருசக் கணக்கில புதுக் கட்டடம் வெண்டது, ஓடுற செலவில மின்சாரம் குறைவு எண்டு. இரவு நான் கணக்கு ஷீட்டில ஒரு செல்லை மட்டும் மாத்தினன். இண்டைய மின்சாரக் கார்பனை 60 வருசமும் வைச்சிருக்காமல், காற்றாலை கூடக்கூட இறங்கவிட்டன். முடிவு தலைகீழாப் போச்சு. காலமை டீம் லீடருக்குக் காட்டினன். "நல்ல வேலை, பின்னிணைப்பில போடு" எண்டார். கட்டடத்தை இடிச்சாச்சு.

செம்மண்வீடு (விழுப்புரம்)
தேம்ஸ்கரை சொல்ற மாதிரி முதல்ல எண்ணைச் சரிபண்ண உக்காந்தா இங்க வேலையே தொடங்காது. ஆரோவில் பக்கம் அழுத்தின மண் கல், 5 சதவீதம் சிமென்ட், சூளையே கிடையாது. "இதுக்கு ஈபிடி இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னதும் தூக்கிட்டு ஏஏசி (காற்றுக்குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட்) பிளாக் போட்டாங்க, அதுக்குக் காகிதம் இருந்துச்சு. என் கதை அவ்வளவுதான்.

புதுசா தொடங்குறவங்களுக்கு: எஸ்டிமேட்ல சிமென்ட் மூட்டையும் கம்பி டன்னும் மட்டும் முதல்ல எடுங்க, மத்தது அப்புறம். இந்தியப் பொருட்களுக்கு உலக வங்கிக் குழுமத்தோட ஐஎஃப்சி 2017ல வெளியிட்ட கார்பன் தரவுத்தளம் இருக்கு, அதுல பாருங்க. கல்லைக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடவே கூடாது. ஏஏசி எடை குறைவு, மண் கல் கனம். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு, பூச்சையும் சேர்த்துப் போடுங்க. மண் சுவருக்குப் பூச்சே வேண்டாம். எம்சாண்ட் எந்தக் குவாரியில இருந்து லாரி ஏறுதுன்னு விசாரிங்க. ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து உழைச்ச எல்சி3 (சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிளிங்கரைக் குறைச்ச) சிமென்ட்டுக்கு 2023ல ஐஎஸ் 18189 வந்தாச்சு, டீலர்கிட்ட கேளுங்க, கேட்டாத்தான் வரும். எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்பேனைக் குறைங்க.

கம்பிக்கணக்கு
செம்மண், ஸ்பேனைக் குறைன்னு எங்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? தூண் எங்க நிக்கணும்னு ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச பிறகுதான் டிராயிங் என் மேசைக்கே வருது. இப்ப நான் ராஃப்ட்டுக்கு மட்டும் 56 நாள்ல எட்டுற பலம்னு எழுதி பிஎஸ்சி போடுறேன். அங்க முட்டே கிடையாது, அதனால யாரும் எதிர்க்கிறதில்லை. நிழல்கூரை, உங்க ராஃப்ட்ல என்ன சிமென்ட் போச்சு? மிக்ஸ் டிசைன் (கான்கிரீட் கலவைக் கணக்கு) இருந்தா இங்கயே போடுங்க, எவ்வளவு குறைச்சிருக்கலாம்னு பார்த்துச் சொல்றேன்.