ரீச்சர் வராத நாளில் யாரை அனுப்புவது? வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சி, நேரசூசி ஒழுங்கமைப்பாளர்:

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றில் பணியாளர்களின் நேரசூசியைத் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஒருவர் லீவு எடுத்தால் இன்னொருவரை அந்த இடத்தில் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வழமை மாறுவதைத் தாங்க முடியாமை ஓட்டிசத்தின் அடையாளக் கூறுகளில் ஒன்றாக இருக்கையில், ஆளை மாற்றுவது அந்தப் பிள்ளையின் முழு நாளையும் குலைத்துவிடக்கூடும். தர்மபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு சிறுவன், தன் ரீச்சரின் நீலச் செருப்பு வாசலில் வழமையான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கால் வைப்பான். செருப்பைக் காணாத நாளில் தாயின் கையை இழுத்துக்கொண்டு படலைக்குத் திரும்பிவிடுவான்.

அதனால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பழகிய முகங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறோம். முதன்மைப் பணியாளர் வேலைக்கு வரும் நாட்களிலேயே, இரண்டாமவர் அமர்வின் கடைசிப் பத்து நிமிடங்கள் அதே அறையில் இருந்து, அந்தப் பிள்ளை விரும்பும் விளையாட்டில் மட்டும் கலந்துகொள்வார். ஓர் அறைக்கு இருவரை ஒதுக்குவது வீண்செலவல்லவா என்ற கேள்வி நிர்வாகக் கூட்டங்களில் எழுவதுண்டு. திடீர் லீவு வரும் காலையில் பிள்ளை அழாமல் உள்ளே வருவதற்குக் கொடுக்கும் விலை அது என்றே நான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறேன்.

வீடுகளுக்குச் சென்று பார்க்கும் அமர்வுகளை வீதிவாரியாகவே ஒழுங்கு செய்கிறோம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடுவும் புதுக்குடியிருப்பும் ஒரே நாளில் வரும். மாங்குளத்திலிருந்து மேற்கே போகவேண்டிய மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் வேறொரு நாள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று தொடங்கிய காலத்தில், வேறு வழியில்லாமல் இப்படிப் பிரித்தோம். தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் அதை மாற்றவில்லை. பணியாளர் வீதியில் செலவழித்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததே காரணம். மாரி மழைக்கு மட்டும் இந்த ஒழுங்கு ஈடுகொடுப்பதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கு யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே ஐப்பசி தொடங்கியதும், வீட்டில் பெற்றோரே செய்யக்கூடிய பயிற்சிகளை முன்கூட்டியே கற்றுக்கொடுத்து, பணியாளர் வர முடியாத நாளில் தொலைபேசியில் வழிகாட்டுகிறோம்.

போயா (பௌர்ணமி) விடுமுறை மாதந்தோறும் வேறுவேறு கிழமைகளில் வருவதால், யாராவது ஒரு பிள்ளையின் அமர்வு தவறத்தான் செய்கிறது. அதற்கு முதல்நாள் மாலையே பெற்றோருக்குச் செய்தி அனுப்பி, அன்றைய நாளின் ஒழுங்கைப் பிள்ளைக்குக் காட்ட வீட்டுச் சுவரிலுள்ள பட அட்டைகளில் ரீச்சரின் படத்தை எடுத்துவிட்டு வீட்டின் படத்தை வைக்கச் சொல்கிறோம்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்:

மேலே எழுதியவர் சொல்லும் இரண்டாவது முகம் என் மகளுக்கு உண்மையில் உதவியது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனாலும் அந்த இருவருமே இல்லாத நாளில் அறிமுகமற்ற ஒருவரை அனுப்புவதைவிட, அமர்வை நிறுத்திவிட்டு அதை எங்களுக்கு நேரத்தோடு சொல்வதே நல்லது. காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தால், அவளுடைய அப்பாவால் அன்று கூலி வேலைக்குப் போக முடியும். நாங்கள் நிலையத்துக்கு வரப் பேருந்தில் ஏறிய பிறகு வந்தால், ஒரு நாள் கூலியும் போய், பழக்கமற்ற அறையில் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையோடு திரும்ப வேண்டியிருக்கும். காலபோக நெல் அறுவடை நேரத்தில் எங்களுக்கு எந்த நேரம் இயலும் என்று தை பிறக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் உதவியாக இருக்கும்.

வவுனியா, தொழில்வழி சிகிச்சையாளர்:

அந்தத் தாயின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமர்வுகள் தொடர்ந்து நின்றுபோனால், பல் துலக்கவும் சட்டைப் பொத்தான் பூட்டவும் பழகிவந்த பிள்ளை பின்னுக்குப் போய்விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நிறுத்துவது ஒரு தடவைக்கு மேல் நீளக்கூடாது என்பது என் கருத்து.

பணியாளரின் உடலையும் நேரசூசி கணக்கில் எடுக்க வேண்டும். கடிக்கவோ தலையை மோதவோ கூடிய ஒரு பிள்ளையுடன் முக்கால் மணிநேரம் இருந்த ஒருவரை, குறிப்பெழுதவும் தண்ணீர் குடிக்கவும் இடைவெளி கொடுக்காமல் அதே போன்ற இன்னொரு அமர்வுக்கு அனுப்பினால், இரண்டாவது பிள்ளைக்குக் கிடைப்பது களைத்துப்போன ஒருவரின் பொறுமையே. எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இருட்டில் காட்டுவழியே போக வேண்டியவர்களுக்கு மாலை அமர்வு கொடுப்பதில்லை என்று உறுதியாக நிற்கிறோம்.

இதனால் பிற்பகல்தான் எங்களுக்குப் பெரிய நெருக்கடி. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுவதால், விசேட கல்வி அலகுகளில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இரண்டுக்கும் நான்கரைக்கும் இடைப்பட்ட நேரத்தையே கேட்கிறார்கள். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளை முழுவதும் காலைக்கு மாற்றியும் இடம் போதவில்லை. கிளிநொச்சியில் இதை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று எழுதினால், அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் எங்கள் நேரசூசியைத் திருத்திக்கொள்வோம்.