நாயோடு ஓரிகன் கடற்கரையில் 8 இரவு டென்ட்: எங்கே சிக்கல் வரும்?

பீவர்டன்_பொன்னி கேட்டது:

வணக்கம். நானும் கணவரும் செப்டம்பர் 5-ஆம் தேதி கிளம்பி 13-ஆம் தேதி திரும்பலாம் என்று இருக்கிறோம். அஸ்டோரியா பக்கத்து ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் ஒரு இரவு, நெஹேலம் பேயில் ஒன்று, ஃப்ளாரன்ஸ் அருகே ஹனிமன் பார்க்கில் இரண்டு, ஹம்பக் மலையில் ஒன்று. கடைசி மூன்று இரவும் எல்லை தாண்டி கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டில். முழுக்க 101 நெடுஞ்சாலை, முழுக்க டென்ட்.

கூடவே கறுப்பன் வருகிறான். காப்பகத்திலிருந்து எடுத்த லாப்ரடார் கலப்பு, 4 வயது, 28 கிலோ. தண்ணீரைப் பார்த்துவிட்டால் நாங்கள் கூப்பிடுவது அவன் காதில் விழாது. "பீச்தானே, நாய்க்கு யார் தடை சொல்லப்போகிறார்கள்?" என்கிறார் இவர். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாயோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எங்கே மாட்டிக்கொள்வோம்?

கோவை_மசக்கவுண்டன்:

நாயை எட்டு நாள் போர்டிங்கில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள். நாங்கள் ஒருமுறை கூட்டிப்போய், இடம் பார்த்ததைவிட அதன் கழிவைப் பொறுக்கியதுதான் அதிகம்.

இரண்டு_சேலம்:

கவுண்டரே, பொறுக்குவதற்குப் பயந்தால் நாய் வளர்க்க முடியுமா?

பொன்னி, நான் பிறந்தது அந்தச் சேலம், இருப்பது ஓரிகனின் இந்தச் சேலம். வீட்டுக்காரர், நான், எங்கள் நாய் சுண்டல் மூவரும் இந்த வழியில் நான்கு முறை டென்ட் அடித்திருக்கிறோம். உங்கள் கணவர் சொல்வது எல்லைக் கோடு வரைக்கும் பெரும்பாலும் சரி. 1966-இல் கேனன் பீச்சில் ஒரு மோட்டல்காரர் தன் வாசலில் இருந்த காய்ந்த மணலுக்கு வேலி போட்டார். அதில் கிளம்பிய சண்டைதான் 1967-இல் சட்டமாக முடிந்தது. ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். செடி முளைக்கும் கோடு வரை மணல் முழுவதும் பொதுமக்கள் புழங்கும் இடம். அந்த மணலில், சொன்ன பேச்சு கேட்கிற நாயைக் கயிறில்லாமலும் விடலாம், கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். கறுப்பன் எந்த வகை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேம்ப்கிரவுண்டுக்குள் எல்லா நாய்க்கும் 6 அடிக் கயிறு கட்டாயம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் தேதியில் விழுகிறது. ஸ்னோயி ப்ளோவர் என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பறவை. கூடெல்லாம் கட்டாது, காய்ந்த மணலில் சின்னதாய்க் குழி பறித்து முட்டையிடும். நாயைப் பார்த்தால் அதற்கு நரி மாதிரிதான், முட்டையை விட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை அதன் பகுதிகளில் நாய் கூடாது, கயிறு கட்டினாலும் கூடாது. நெஹேலம் மணல்திட்டின் தென்கோடி அப்படிப்பட்ட இடம். கேம்ப்கிரவுண்டிலிருந்து மணலில் இறங்கியதும் வடக்கே, மன்சனீட்டா ஊர்ப்பக்கம் திரும்பி நடங்கள். தெற்கே போனால் பலகை வரும். பலகையைத் தாண்டிப் போய் ரேஞ்சரிடம் அசடு வழிந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

ஹனிமனில் இரண்டு இரவு நல்ல முடிவு. மணல்மேடு நேராக க்ளியோவாக்ஸ் ஏரிக்குள் சரிகிறது. சுண்டல் மேலே ஏறுவதும் உருண்டு தண்ணீரில் விழுவதுமாக ஒரு பகலையே கழித்தான். ஏரித் தண்ணீரில் பச்சையாகப் பாசி படிந்திருந்தால் மட்டும் இறக்காதீர்கள், அது நாய்க்கு விஷம். நேரம் இருந்தால் கூஸ் பேயைத் தாண்டி கேப் அராகோ சாலையில் சிம்ப்சன் ரீஃப் பார்வையிடத்தில் நிறுத்துங்கள். பாறையெல்லாம் கடல்சிங்கம், ஓயாத குரைப்பு. சுண்டல் பத்து நிமிடம் பதிலுக்குக் குரைத்தான், அப்புறம் கூட்டம் பெரிது என்று புரிந்து காருக்குள் ஏறிவிட்டான்.

இனி முக்கியமான விஷயம். செப்டம்பரில் சால்மன் ஆறு ஏறும் காலம். கோல்ட் பீச்சில், ரோக் ஆறு கடலில் சேரும் இடத்தில், மணலில் கிடந்த ஒரு மீன் தலையைச் சுண்டல் கவ்விவிட்டான். வாயைத் திறந்து எடுப்பதற்குள் பாதி உள்ளே. மீன்தானே, நம் ஊர் நாய்கள் தின்னாத மீனா என்று விட்டுவிட்டோம். ஆறாம் நாள் வீட்டில் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. கடற்கரைக்குப் போய் வந்தோம் என்றதும் டாக்டரின் முதல் கேள்வியே "பச்சை மீன் தின்றானா?" என்பதுதான். இந்தப் பக்கத்து ஆறுகளில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து ஒரு தட்டைப்புழு மீனுக்கு ஏறுகிறது. அந்தப் புழுவுக்குள் இருக்கும் கிருமிதான் நாயைக் கொல்கிறது. சால்மன் பாய்சனிங் என்பார்கள். மருந்து தராவிட்டால் பெரும்பாலான நாய்கள் பிழைப்பதில்லை. சீக்கிரம் போனால் டாக்ஸிசைக்ளினிலேயே சரியாகிவிடும். எங்களுக்குச் சரியானது. ஆனால் பயணத்தைப் பற்றி நான் டாக்டரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். ஆற்று முகத்துவாரம் எங்கே வந்தாலும் கறுப்பனுக்குக் கயிறு போடுங்கள். திரும்பி வந்தும் இரண்டு வாரம் அவன் சாப்பாட்டைக் கவனியுங்கள்.

கடைசி மூன்று இரவு பற்றி: ரெட்வுட்டில் நாய்க்கு டென்ட் பக்கத்தில் இடம் உண்டு, கார் நிறுத்துமிடத்தில் உண்டு, நடைபாதையில் கிடையாது. முன்னூறு அடி மரத்தை காரிலிருந்தே அண்ணாந்து பார்க்க மூன்று நாளா? எல்லைக்கு இப்பாலே ப்ரூக்கிங்ஸில் ஹாரிஸ் பீச் பார்க் இருக்கிறது. அங்கே தங்கி, ஒரு பகல் மட்டும் காட்டுக்குப் போய் வரலாம். மற்ற நாளில் கறுப்பனுக்குக் கடல்.

சான்ஹோசே_சாமிநாதன்:

சேலத்து அக்கா எங்கள் மாநிலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டார். ஜெடிடையா ஸ்மித் பார்க்கில் வாக்கர் ரோடு என்று ஒரு மண் சாலை உண்டு. கயிற்றில் பிடித்துக்கொண்டு நாயோடு நடக்கலாம், இருபுறமும் ரெட்வுட் மரங்கள். ப்ரெய்ரி க்ரீக்கில் கால் பேரல் ரோடும் அப்படித்தான். கோல்ட் ப்ளஃப்ஸ் பீச்சிலும் நாய்க்கு அனுமதி உண்டு, ஆனால் அந்தப் பக்கம் எல்க் மான்கள் மேயும். ஒவ்வொன்றும் நம் எருமைக்குக் குறையாது. நாய் குரைத்தால் ஒதுங்கிப் போகும் ரகம் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் போக முடியாத நடைபாதையை நாங்கள் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம். மனைவி நடந்து வரும்வரை நான் நாயோடு, அப்புறம் நான். என்ன, இருவரும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

பீவர்டன்_பொன்னி:

எல்லோருக்கும் நன்றி. சால்மன் விஷயம் இங்கே வந்து ஆறு வருடமாகியும் எங்களுக்குத் தெரியாது. இவரிடம் படித்துக் காட்டினேன், முகம் மாறிவிட்டது. ரெட்வுட் இரவில் இரண்டை ரத்து செய்துவிட்டோம். முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறந்துவிடுகிறது என்பதால் ஹாரிஸ் பீச் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். யாரோ விட்ட இடம் ஒன்று நேற்று இரவு இரண்டு நாளுக்குக் காட்டியது, பிடித்துவிட்டேன். வாக்கர் ரோட்டுக்காக அந்தப் பக்கம் ஒரு இரவை மட்டும் வைத்திருக்கிறோம்.

இன்னொரு சின்னக் கேள்வி. இட்லி மாவு எடுத்துப் போகலாமா? தோசைக்கல் இருக்கிறது, சின்ன கேஸ் அடுப்பும் இருக்கிறது.

இரண்டு_சேலம்:

வீட்டிலேயே புளிக்க வைத்து ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். இரவில் 10 டிகிரிக்கு இறங்கும், அங்கே போய் மாவு பொங்கும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு நாள் தோசை, அப்புறம் ரவா உப்புமா. இரவு மேசைமேல் எதையும் விடாதீர்கள், காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஹனிமனில் ஒரு ரக்கூன் எங்கள் மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்து நல்லெண்ணெயோடு நக்கிக்கொண்டிருந்தது. சுண்டல் டென்டுக்குள் இருந்து அதைப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் நுழைந்துகொண்டான்.