ஒரு கப்பலாவது மூழ்கியதா?

கோட்டைமதில் (வேலூர்): நேற்று பாய்க்கடை அண்ணன் எழுதியது இது: "ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய மூன்றாம் கர்நாடகப் போரைத் திருப்பியது 1760 வந்தவாசிச் சண்டை. அதற்கு முன் கடலில் நடந்ததெல்லாம் வேடிக்கை." படித்ததிலிருந்து காப்பி உள்ளே இறங்கவில்லை. 1759 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலக் கடற்படைத் தளபதி போகாக்கும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேவும் கடலில் மோதினார்கள். ஆங்கிலேயரிடம் 9 போர்க்கப்பல், பிரெஞ்சுக்காரரிடம் 11. கூடுதல் கப்பல் வைத்திருந்த தாஷே, சில வாரத்திலேயே மொரீஷியஸுக்குப் பாய் விரித்தார். திரும்பவே இல்லை. போர் அங்கேயே தீர்ந்தது.

பாய்க்கடை (வந்தவாசி): பாய் விரிக்கிறதைப் பற்றி வந்தவாசிக்காரனுக்கே பாடமா? சரி தம்பி, ஒரே கேள்வி. அந்தச் சண்டையில் ஒரு கப்பலாவது மூழ்கியதா?

கோட்டைமதில்: மூழ்கவில்லை. மூழ்கினால்தான் தோல்வியா? தாஷே போனதும், தரையில் பிரெஞ்சுப் படையை நடத்திய லாலிக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அக்டோபரில் சம்பள பாக்கி கேட்டு அவருடைய பிரெஞ்சு சிப்பாய்களே கலகம் செய்தார்கள்.

பாய்க்கடை: ஆக, மூழ்கவில்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. எங்கள் ஊரில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் லாலியை ஓட ஓட விரட்டினார். இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியையே கையோடு பிடித்தார்கள். இதற்குப் பெயர் சண்டை.

ஆற்காட்டான்: இரண்டு பேரும் ஒதுங்குங்கள். 1751இல் கிளைவ் 50 நாளுக்கு மேல் ஆற்காட்டுக் கோட்டையில் தாக்குப்பிடிக்காவிட்டால் உங்கள் வந்தவாசியும் கிடையாது, கடலும் கிடையாது. டில்லி வாசல் இன்னும் நிற்கிறது, வந்து பாருங்கள்.

பாய்க்கடை: அது இரண்டாம் கர்நாடகப் போர், இது மூன்றாவது. வாசலில் நின்று செல்பி எடுத்தால் சரித்திரம் வந்துவிடாது.

காட்பாடி ஜங்ஷன்: பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே சண்டை பற்றிப் பேசலாமா? 1942இல் ஜப்பானுக்கு நாலு விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

பாய்க்கடை: பார்த்தீர்களா? அங்கே மூழ்கியது!

கோட்டைமதில்: அண்ணே, உங்கள் ஊர்ச் சண்டைக்கே வருகிறேன். ஏரிக்கரைப் பக்கம் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி மேல் ஆங்கிலக் குண்டு விழுந்து வெடித்ததே, அந்த அரணில் நின்றவர்கள் யார்? தாஷே விட்டுவிட்டுப் போன கப்பல் ஆட்கள். கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் கப்பல்காரனைத் தரையில் நிறுத்தினால் அப்படித்தான்.

பாய்க்கடை: வெடித்தது எங்கள் ஊர் ஏரியில்தானே? கடலில் இல்லையே? ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று உங்கள் ஊரைச் சும்மாவா சொன்னார்கள். பாலாற்று மணலில் கப்பல் விடுகிறவரிடம் நான் கடல் கற்க வேண்டுமாம்.

கோட்டைமதில்: அகழியில் தண்ணீர் இருக்கிறது. அப்புறம், 1989இல் மாவட்டம் பிரிந்தபோதே வந்தவாசி திருவண்ணாமலைப் பக்கம் போயாயிற்று. வட ஆற்காட்டுப் பெருமை பேச உங்களுக்கு என்ன பாத்தியதை?

ஆற்காட்டான்: அதைச் சொல்லுங்கள்!

பாய்க்கடை: 1760இல் ஏது திருவண்ணாமலை மாவட்டம்? தம்பியின் கோபம் கப்பலால் வந்ததில்லை. போன வருஷம் 1806 வேலூர்ப் புரட்சியை நான் "ஒரு நாள் கூத்து" என்றது இன்னும் ஆறவில்லை.

கோட்டைமதில்: ஆறாது. 1857க்கு 51 வருஷம் முந்தியது அது. சரி, மூழ்குவதுதான் உங்கள் கணக்கு என்றால் இதைக் கேளுங்கள். 1761 ஜனவரி முதல் நாள் புயலில், புதுச்சேரியை வளைத்து நின்ற ஆங்கிலக் கப்பல்களே மூழ்கின. அப்படியானால் ஜெயித்தது லாலியா? மிச்சக் கப்பல்கள் மறுபடி வந்து மறித்தன. அந்த மாதப் பாதியிலேயே லாலி சரணடைந்தார். கடலை வைத்திருந்தவன் ஜெயித்தான்.

பாய்க்கடை: புயல் சண்டையில் சேராது.

காட்பாடி ஜங்ஷன்: 1759 பிப்ரவரியில் லாலி சென்னை முற்றுகையை விட்டு ஓடியதும் ஆங்கிலக் கப்பல் வந்து நின்றதால்தானே?

பாய்க்கடை: நீங்கள் மிட்வேக்கே போங்கள் சார். கடையில் ஆள் நிற்கிறார், முகூர்த்தப் பாய் கேட்டு. ராத்திரி வருகிறேன். அதற்குள் 1759இல் மூழ்கிய கப்பலின் பெயரை மட்டும் எழுதி வையுங்கள்.

கோட்டைமதில்: மூழ்கவில்லை என்று முதலிலேயே சொன்னேனே!

பாய்க்கடை: அதையேதான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன்.