உயர்த்திய கைகள்: ஷாஃப்ட்ஸ்பரியின் கேள்விக்குக் கிடைத்தது சம்மதமா?

கலங்கரை:
பிரிட்டனில் ஏழைச் சிறுவர்களை ஏற்றி மாலுமித் தொழில் கற்பித்த விக்டோரியா காலப் (19-ஆம் நூற்றாண்டு) பயிற்சிக் கப்பல்கள் எல்லாம் "மிதக்கும் சிறைகள்" என்று நேற்று நெய்தலன் எழுதியதைப் படித்து எரிச்சலுற்றேன். 1866-இல் இலண்டன் செயின்ட் ஜைல்ஸ் பகுதியில் வீடற்ற சிறுவர்களுக்கு விருந்து வைத்த சமூகச் சீர்திருத்தவாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, தேம்ஸ் நதியில் ஒரு பெரிய கப்பல் நின்றால் எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. அவ்வாண்டே 'சிச்செஸ்டர்' கப்பல் பயிற்சிக்குத் தயாராயிற்று. சிறைக்குப் போகக் கை உயர்த்துபவன் உண்டா?

நெய்தலன்:
விருந்துக்கு முன் கேட்டாரா, பின் கேட்டாரா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் உறங்கும் பையன், வயிறு நிறையச் சோறு போட்ட பிரபு எதிரில் நின்று கேட்கும்போது, கையைக் கீழேயா வைத்திருப்பான்? அந்தக் கை சோற்றுக்கு உயர்ந்தது, கடலுக்கு அல்ல.

துடுப்பு:
கை ஒருபுறம் இருக்கட்டும். வணிகக் கப்பல்கள் பயிலுநர்களைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீங்கியபின், ஆங்கிலேய மாலுமிகள் குறைகிறார்களே என்ற கவலை கப்பல் முதலாளிகளிடம் இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இலண்டன் வணிகர் ஜோனஸ் ஹான்வே, ஏழைகளைக் கடற்படைக்கு அனுப்பும் கடற்சங்கத்தை (Marine Society) 1756-இல் தொடங்கியபோதும் போருக்கு ஆள் தேவைப்பட்டது. பிரான்சுடன் நடந்த அந்த ஏழாண்டுப் போர் முடிவதற்குள் 10,000-க்கு மேற்பட்டோருக்கு உடை கொடுத்து அனுப்பினார்கள்.

கலங்கரை:
உடை கொடுத்ததும் குற்றமா? 1875 டிசம்பரில் தேம்ஸ் கரையிலுள்ள கிரேஸ் ஊரருகே 'கோலியாத்' பயிற்சிக் கப்பல் தீப்பற்றியபோது, ஒரு பையன் தவறவிட்ட விளக்கிலிருந்து பரவிய நெருப்பின் நடுவே சிறுவர்கள் ஒழுங்கு குலையாமல் பணியாற்றியதை அன்றே பாராட்டினார்கள். அந்தத் தர்மக் கப்பல் ஊட்டிய துணிவு அது.

நெய்தலன்:
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் கலங்கரை. 'கோலியாத்' தர்மக் கப்பலே அன்று. ஏழைகள் சட்டத்தின்கீழ் வசூலித்த வரிப்பணத்தில், அரசின் ஏழையர் விடுதிப் பையன்களுக்காக நடந்த கப்பல் அது. அதன்பின் அங்கே நின்ற 'எக்ஸ்மவுத்'தும் அவ்வகையே. சென்ற மாதம் கட்டணம் வாங்கிய 'கான்வே'யையும் இவர் இப்படித்தான் ஏழைகள் பட்டியலில் சேர்த்தார். திருத்தியதற்கு நன்றி கூடச் சொல்லவில்லை. போகட்டும். விருந்துக்கு முன்னா, பின்னா?

கலங்கரை:
'கான்வே' பற்றி நான் எழுதியது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன். நீதிமன்றம் அனுப்பிய சிறுவர்கள் இருந்தவை 'ஆக்பர்', 'கிளாரன்ஸ்' போன்ற சீர்திருத்தக் கப்பல்கள். 'சிச்செஸ்டர்' அப்படியன்று.

நெய்தலன்:
1884-இல் லிவர்பூல் அருகே மெர்ஸி நதியில் நின்ற 'கிளாரன்ஸ்' கப்பலுக்கு, அதிலிருந்த பையன்களே தீ வைத்தார்கள். 1887-இல் 'ஆக்பர்' கப்பலில் கலகம் மூண்டது. கை உயர்த்தியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர், தீக்குச்சி உரசிய கையைப் பற்றி ஒரு வரியாவது எழுதினாரா?

மாலைக்காற்று:
ஐயா, சிச்செஸ்டர் பற்றிக் கேட்டால் கிளாரன்ஸ் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். எது தர்மம், எது தண்டனை என்று முதலில் பிரித்துக்கொண்டால் நன்றாக இருக்குமே.

நெய்தலன்:
அம்மா, தொங்கு படுக்கையில் படுத்து விடியுமுன் தளம் கழுவிய பையனுக்கு அந்தப் பிரிவினை தெரிந்திருக்குமா? இரண்டும் போர்க்கப்பற்படை கழித்துவிட்ட பழைய மரக்கப்பல்கள்தாம். இரண்டிலும் நினைத்தபோது கரைக்கு இறங்க முடியாது.

கலங்கரை:
இனி உங்களோடு எழுதுவதில்லை. ஆனால் அத்தனை கைகள் உயர்ந்தன என்பதை மறுக்க உங்களால் முடியவில்லை.

நெய்தலன்:
மறுத்தேனா? விருந்துக்கு முன்னா, பின்னா என்றுதான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.